தென்னாப்பிரிக்க பிசினஸ் விசா மறுக்கப்பட்டதா?

தொழில்முறைப் பதிவு இல்லையென்று மறுத்திருந்தால் மனம் தளராதீர்கள். முடிவு கைக்கு வந்த 10 வேலைநாட்களுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். கடிதம் கிடைத்த தேதிக்குச் சான்று வைத்திருங்கள்.

குடிவரவு விதி கேட்பது பதிவு செய்துகொள்வதாக ஓர் உறுதிமொழி; அதுவும் தொழிலுக்குப் பொருந்தினால் மட்டுமே. இதைப் பலர் கவனிப்பதில்லை. பொறியியல் ஆலோசனை, மருத்துவம் என்றால் உரிய தொழில்முறைக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்த ரசீதையும் உறுதிமொழியோடு இணையுங்கள். துணிக்கடை போன்ற தொழிலென்றால் எந்தக் கவுன்சிலின் கீழும் வராது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

மேல்முறையீட்டில் உருக்கமான கடிதம் உதவாது. மறுப்புக் காரணம் ஒவ்வொன்றுக்கும் ஆவணத்தோடு பதில் வேண்டும். இந்த மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டால் அமைச்சரிடம் முறையிட மீண்டும் 10 வேலைநாட்கள் உண்டு.