நீதிபதிகளின் நியமனமும் இடமாற்றமும்

தாசில்தார் மாற்றலாகிப் போனால் நம் பக்கத்தில் அது இரண்டு நாள் பேச்சோடு அடங்கிவிடும். உயர்நீதிமன்ற நீதிபதியின் மாற்றம் அத்தகையதன்று. விழுப்புரம் நீதிமன்றத்தில் நிலவழக்கில் தோற்ற உழவர் மேல்முறையீட்டுக்குச் சென்னை செல்கிறார். எதிர்க்கட்சி அரசாகவும் இருக்கலாம். அங்கே தீர்ப்பெழுதும் கை நடுங்கலாமா?

உயர்நீதிமன்ற நீதிபதி 62 வயது வரை பதவி வகிப்பார். அவரை நீக்க நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரவு வேண்டும். இத்துணை வலிய வேலியிட்ட அரசியலமைப்புச் சட்டம், 222-ஆவது பிரிவில் ஒரு சிறு வாயிலையும் வைத்தது. இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்து, குடியரசுத் தலைவர் அவரை வேறு உயர்நீதிமன்றத்துக்கு மாற்றலாம்.

நெருக்கடி நிலையின்போது, 1976-ல், 16 நீதிபதிகள் அவ்வாயில் வழியே அனுப்பப்பட்டனர். குஜராத் நீதிபதி சங்கல்சந்த் சேத் வழக்குத் தொடுத்தார். பொதுநலன் கருதியே மாற்றலாம், ஆலோசனை பெயரளவில் இருத்தலாகாது, ஆயினும் நீதிபதியின் இசைவு தேவையில்லை என 1977-ல் உச்சநீதிமன்றம் கூறியது.

அடுத்த நிகழ்ச்சி நம் சென்னையிலேயே நடந்தது. தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயில் நாகூரில் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர், நெருக்கடி நிலையில் சென்னைச் சிறையில் மிசாக் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையத்தின் தலைவர். 1981 ஜனவரியில் அவரைக் கேரளத்துக்கும், பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங்கைச் சென்னைக்கும் மாற்றி ஆணை வந்தது. சிங் வழக்காடினார். இஸ்மாயிலோ கேரளம் செல்லாமல் பதவியையே துறந்தார். தமிழ் மேடை அவரைக் கூடுதலாகப் பெற்றது, நீதிமன்றம் இழந்தது. அவ்வாண்டு டிசம்பரில் எஸ்.பி. குப்தா வழக்கில் எழுவர் அமர்வு, நியமனத்தில் இறுதிச் சொல் அரசுக்கே என்றது. சிங்கின் மாற்றமும் செல்லும் என்றது.

1993-ல் ஒன்பதின்மர் அமர்வு இதைப் புரட்டிப்போட்டது. அன்று முதல் மூத்த நீதிபதிகள் குழுவாகிய கொலீஜியமே பெயர்களைப் பரிந்துரைக்கிறது. இன்று இடமாற்றத்தைத் தலைமை நீதிபதியும் மூத்த நால்வரும் முடிவு செய்கின்றனர். இதை மாற்ற நாடாளுமன்றம் கொணர்ந்த நியமன ஆணையச் சட்டம் 2015-ல் செல்லாதாயிற்று.

அரசின் கை விலகியது நன்றே. ஆனால் காரணம் கூறாமை விலகவில்லை என்பது என் கருத்து. 2019-ல் சென்னைத் தலைமை நீதிபதி தஹில்ரமானி, 75 நீதிபதி இடங்கள் கொண்ட மன்றத்திலிருந்து, ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். 'சிறந்த நீதி நிருவாகத்தின் நலன்' என்பதே வெளியிட்ட காரணம். அவர் விலகினார். 2021-ல் சஞ்சீப் பானர்ஜியும் அதே மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். வழக்குரைஞர் பலர் மறுபரிசீலனை கோரிக் கடிதம் எழுதினர், மாற்றம் நடந்தேறியது.