மாங்கன்றின் பெயரும் மரபணுச் சான்றும்

நெல் விதையில் கலப்பு நேர்ந்தால் உழவர் இழப்பது ஒரு பருவம். பழ மரங்களில் நிலைமை வேறு. மாங்கன்றை நட்டபின் அதன் காய்ப்பைக் காண நான்கைந்து ஆண்டுகள் செல்லும். வாங்கிய கன்று வேறு இனம் என்பது பெரும்பாலும் அப்போதுதான் உறுதியாகும். கிளைகளை வெட்டி மறு ஒட்டுக் கட்டலாமெனினும் மீண்டும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆம்ரபாலி இனத்தை எடுத்துக்கொள்வோம். இது குட்டையாக வளர்வது. இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 1,600 கன்றுகள் வரை நடலாம் என்பதே இதன் சிறப்பு. ஓங்கி வளரும் இனங்களுக்குப் பத்து மீட்டர் இடைவெளி விட்டால் அதே நிலத்தில் 100 மரங்களே அடங்கும். ஆம்ரபாலி என்ற பெயரில் அத்தகைய இனம் அடர் நடவுத் தோப்பில் புகுந்துவிட்டால், பழம் மாறுவதோடு இழப்பு நிற்பதில்லை. தோப்பின் அமைப்பே குலைந்துபோகும்.

பெயர் மாற்றம் எப்போதும் வஞ்சகத்தால் நிகழ்வதன்று. ஒட்டுக்குச்சிக் கட்டுகள் நாற்றுப் பண்ணையில் இடம் மாறிவிடக்கூடும். ஒட்டுக்குச்சி பட்டுப்போய், அடியிலுள்ள வேர்ச்செடி துளிர்த்து வளர்வதும் உண்டு. பல பெயர்களால் வரும் குழப்பம் தனி. அல்போன்சாவை மகாராஷ்டிரத்தில் ஹாபுஸ் என்பர். கர்நாடகத்தில் பாதாமி என்பர். தமிழகத்தில் குண்டு என்ற பெயரும் அதற்கு உண்டு. இலையின் வடிவத்தையும் தளிரின் நிறத்தையும் கொண்டு அனுபவமுள்ள தோட்டக்காரர் ஓரளவு கணிப்பார். ஆயினும் அவருடைய கண்ணை வழக்கு மன்றத்தில் சான்றாக வைப்பது கடினம்.

இலையில் உள்ள அடையாளம்

இக்குறையை டி.என்.ஏ. குறிகள் பெருமளவு நீக்குகின்றன. உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழையில் சில இடங்களில் ஒரே சிறு தொடர் அடுத்தடுத்துப் பலமுறை வரும். எத்தனை முறை வருகிறது என்பது இனத்துக்கு இனம் வேறுபடக்கூடும். ஆகவே அப்பகுதியின் நீளமும் வேறுபடும். இவற்றை நுண் மீள்தொடர்கள் எனலாம். பருவமோ உரமோ மரத்தின் வயதோ இந்த நீளத்தைப் பொதுவாக மாற்றுவதில்லை. எனவே சிறு கன்றின் இலையே சோதனைக்குப் போதும்.

இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதே முதல் வேலை. மாவிலையில் துவர்ப்புப் பொருள்களும் பிசினும் மிகுதியாதலால் இதில் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். பின்னர், 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட பாலிமரேஸ் தொடர்வினையால் குறிப்பிட்ட பகுதிகள் மட்டும் கோடிக்கணக்கில் படியெடுக்கப்படுகின்றன. அவற்றை மின்புலத்தில் நீளவாரியாகப் பிரித்து, உறுதி செய்யப்பட்ட தாய்மரத்தின் அளவுகளோடு ஒப்பிடுவர்.

எத்தனை குறிகளைச் சோதிக்க வேண்டும்? மல்லிகா, ஆம்ரபாலி ஆகிய இரண்டும் நீலம், தசேரி என்னும் ஒரே இணையிலிருந்து பிறந்தவை. மல்லிகாவுக்குத் தாய் நீலம். ஆம்ரபாலிக்குத் தாய் தசேரி. ஒவ்வொரு குறியிலும் தாயிடமிருந்து ஒரு வடிவமும் தந்தையிடமிருந்து ஒரு வடிவமும் வரும். ஆதலால் பெற்றோரை மட்டும் சரிபார்த்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஒரு குறியில் பெற்றோரின் நான்கு வடிவங்களும் வெவ்வேறாயின், உடன்பிறந்த இரு மரங்கள் அதில் ஒத்துப்போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒன்றையொன்று சாராத பத்துக் குறிகளில் அவ்வாறு ஒத்துப்போகும் வாய்ப்போ ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்றே. ஒரு குறியைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது தவறு என்பதும், பத்துப் பன்னிரண்டு நல்ல குறிகள் பெரும்பாலும் போதும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

சான்று சொல்லாதவை

ஒரே மரத்தின் ஒரு கிளையில் தோன்றிய சிறு மாற்றத்தால் உருவான இனத்தை மூல இனத்திலிருந்து இக்குறிகள் பெரும்பாலும் பிரித்துக் காட்டா. கன்று நோயற்றது என்பதற்கும் இவை சான்றல்ல. பழம் விளைந்த இடத்தையும் இவை கூறமாட்டா. கொங்கண அல்போன்சாவுக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே இனத்தை வேறு மாநிலத்தில் வளர்த்தாலும் டி.என்.ஏ. ஒன்றாகவே இருக்கும், அங்கே பெட்டியும் பில்லும் சொல்லும் சாட்சியத்தைத்தான் நம்ப வேண்டும்.

தாவர இனப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001-இன்கீழ்ப் புதிய இனத்தைப் பதிவு செய்யத் தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை ஆகியவை மெய்ப்பிக்கப்பட வேண்டும். இவை முக்கியமாகப் புறத்தோற்றப் பண்புகளால் அளக்கப்படுகின்றன. டி.என்.ஏ. குறிகள் அவ்வளவீட்டுக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகா.

ஒவ்வொரு கன்றையும் சோதிப்பது நாற்றுப் பண்ணைக்குக் கட்டுப்படியாகாது, அது தேவையுமில்லை. ஒரு தாய்மரத்தின் குச்சிகளிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகள் பரவுகின்றன. அம்மரத்தின் பெயர் பிழையானால் அத்தனை கன்றுகளும் பிழையே. எனவே தாய்மரங்கள் அனைத்தையும் ஒருமுறை சோதித்து எண்ணிட்டு, குச்சி வெட்டிய நாளையும் கன்றுத் தொகுதியையும் அந்த எண்ணோடு பதிவேட்டில் எழுதிவைப்பதே சிக்கனமான முறை. கன்றுகளில் மாதிரி எடுத்துச் சோதித்தால் போதும். அந்த இலை ஒட்டுப் பகுதிக்கு மேலிருந்து பறிக்கப்பட்டதா என்பதை ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும். கீழிருந்து வந்த துளிரின் இலையாயின், ஆய்வுக்கூடம் எவ்வளவு திறமாகச் செயல்பட்டாலும் வேர்ச்செடியின் அடையாளத்தையே அறிக்கையாகத் தரும்.