பழைய மோட்டார் எஞ்சினும் அதன்மேல் உள்ள எழுத்தும்

அழுக்கை அகற்றுதல் ஒரு தொழில்; எழுத்தை அழித்தல் மற்றொரு தொழில். முன்னதைச் செய்யப் புகுந்து பின்னதைச் செய்து முடிப்போர் உலகிற் பலர். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்துக் கோயிலில் கி.பி. 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள், பொன் வாங்காது கன்னிகாதானமாகவே மணம் செய்விப்பதென்று தம்முள் உடன்பட்ட செய்தியை அஃது உரைக்கின்றது. கல்லைப் பளபளப்பாக்கும் ஆசையால் எவரேனும் அதனைத் தேய்த்திருப்பின், அவ்வுடன்பாட்டை நமக்கு உரைக்கும் சான்று ஒன்று ஒழிந்திருக்கும். கோயில்கள் சிலவற்றின் சுவர்களை மணல் வீச்சாற் துப்புரவு செய்தமையாற் கல்வெட்டெழுத்துக்கள் தேய்ந்தமை நாம் அறிந்ததே.

கல்லுக்குக் கூறிய இந்நீதி இரும்புக்கும் பொருந்தும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் பியூஜோ மோட்டார் வண்டி ஒன்றைப் பெற்றுச் சாலையோரத்து நோயாளரை நாடிச் சென்றனர் என்பது பாகாயத்தார் பலரும் கேட்டறிந்த வரலாறு. அத்தகைய பழைய வண்டிகளைப் பேணுவோர் இந்நாளிற் பெருகி வருகின்றனர். அவர்தம் கைக்கு வரும் எஞ்சின் வெறும் இரும்பன்று, எழுத்துடைய பொருள். தமிழ் மாணவராகிய யாம் அதுபற்றி எழுதத் துணிந்ததும் அவ்வெழுத்தின் பொருட்டே.

எஞ்சினில் தொழிற்சாலையார் இட்ட குறிகளை நால்வகைப்படுத்தலாம். முதலாவது வார்ப்பெழுத்து: இரும்பை வார்க்கும்போதே அச்சிலிருந்து புடைத்தெழுவது. உறுப்பின் எண்ணும், சிலவற்றில் வார்த்த நாளும் இதனால் விளங்கும். இரண்டாவது, எண்ணச்சை வைத்துச் சுத்தியால் அடித்துப் பொறித்த எண். மூன்றாவது, பித்தளை அல்லது அலுமினியத் தகடும் ஒட்டுத்தாளும். நான்காவது, சோதனை செய்தோர் தம் பணி முடிந்ததற்கு அடையாளமாக இட்ட வண்ணப்பூச்சுப் புள்ளியும் சுண்ணக்கட்டிக் கீறலும். இவற்றுள் இறுதியதையே அறியாதார் அழுக்கென்று துடைத்துவிடுவர்.

நம் பகுதியின் தோல் தொழில் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்தால் மயிர் உதிரும். மாட்டின் உடலிற் சூட்டுக்கோலால் இட்ட தழும்போ பதனிட்ட தோலிலும் நிற்கும். பொறித்த எண் தழும்பு போல்வது. கழுவினாற் போகாது, அரத்தினாற் போகும். வண்ணப்புள்ளி மயிர் போல்வது. கரைப்பானில் நனைத்த துணி ஒருமுறை பட்டாலே போய்விடும். ஆகலின் எல்லாக் குறிகளுக்கும் ஒரே முறை ஒவ்வாது.

செய்யும் முறை வருமாறு. எதனையும் தொடுமுன் அளவுகோலை அருகில் வைத்து ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். பக்கவாட்டில் ஒளி விழச் செய்தால் மங்கிய எழுத்தும் தோன்றும். கல்வெட்டுப் படியெடுப்பார் போல, பொறித்த எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துக் கரிக்கோலால் உரசிப் படியெடுத்துக்கொள்ளலாம். பின்னர்க் கெட்டியான கிரீஸை மரக்குச்சியாற் சுரண்டி, மென்மையான தூரிகையாற் கூட்டி எடுக்கலாம். வண்ணக்குறி இல்லாத இடமெனத் தெளிந்தபின் மண்ணெண்ணெயோ சோப்பு நீரோ பயன்படுத்துக. ஐயமுள்ள இடத்திற் சிறிது பஞ்சினால் ஓரத்திற் சோதித்துப் பார்த்து, பஞ்சில் வண்ணம் ஏறின் உடனே நிறுத்துக. கம்பித் தூரிகை, உப்புத்தாள், மணல் வீச்சு மூன்றும் குறிகளின் அருகே வரலாகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடுமாதலின், அத்தகட்டோடு உறுப்பை அதில் அமிழ்த்துதல் பெரும்பிழை.

துப்புரவினும் கொடியது ஒன்றுண்டு. செவர்லே வி-எட்டு எஞ்சின் பலவற்றில் எண் பொறித்த இடம், சிலிண்டர் மூடி அமரும் முகப்போடு ஒரே தளத்தில் உளது. அம்முகப்பைச் சமமாக்கப் பட்டறையிற் சீவும்பொழுது எண்ணும் உடன் சீவப்படும். வேலைக்குக் கொடுக்குமுன் இதனைத் தொழிலாளரிடம் வாயாற் சொல்வதோடு எழுதியும் கொடுத்தல் நலம்.

இக்குறிகளால் ஆவது என்னை? ஃபோர்டு நிறுவனத்தார் 1908 முதல் 1927 வரை செய்த 'டி' மாதிரி வண்டிகளில், எஞ்சினிற் பொறித்த எண்ணே வண்டியின் எண்ணாகவும் வழங்கிற்று. அவ்வெண் காட்டும் காலத்திற்குப் பிற்பட்ட வார்ப்பு நாள் கட்டையிற் காணப்படின், ஐயம் எழுதல் இயல்பு. ஏட்டின் எழுத்தமைதி கொண்டு காலம் துணிவாரைப் போல, இங்கும் குறி கொண்டே உண்மை துணியப்படும். சட்டத்திற்கும் இது வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை அவற்றின் மூல வடிவிற் பேணுவோர் தனிப் பதிவு பெற 2021-இல் இந்திய அரசினர் விதி வகுத்தனர். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் 1971 வரை ஆக்கப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளும் இன்று அவ்வயதை எய்தியுள்ளன. பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண் இரும்பில் இல்லையேல், உடையவர் தம் பொருளைத் தமதென நிறுவுதற்கே இடர்ப்படுவர்.

அழிந்த குறியைப் புதிதாக இட்டுக்கொள்ளலாமே எனின், வண்ணப்புள்ளியைப் படம் பார்த்து மீள இடலாம்; ஆயின் இது பின்னர் இட்டது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். சிதைந்த ஏட்டிற் சொல்லை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர் அதனை அடைப்புக்குறியுட் காட்டுவர். காட்டாதார் பாடத்தைக் கெடுத்தோராவர். எண்ணை மாற்றியோ புதிதாகவோ பொறித்தல் ஊகமும் அன்று, பொய்ச்சான்றேயாம்.

தொழிற்சாலையிற் பணி செய்தோர் பெரும்பாலார் பெயரின்றி மறைந்தனர். தன் சோதனை முடிந்ததென்று ஒரு தொழிலாளி விரைந்து இட்ட மஞ்சட் புள்ளியே அவர் கைபட்டதற்கு எஞ்சிய கையெழுத்து. எஞ்சின் பளபளக்க வேண்டுமென்னும் விருப்பம் தவறன்று. ஆயின் பளபளப்பை நாளையும் உண்டாக்கலாம். போன எழுத்தை எவராலும் மீட்டல் அரிது. ஆதலால், கையிற் துணியை எடுக்குமுன் கண்ணாற் படித்துவிடுவோமாக.