தெருவுக்கு ஒரு தோட்டம்

தெருவார் கூடிப் பயிரிடக் கருதும் காலி மனை யாருக்கு உரியது என்பதை விசாரித்து, நகராட்சியின் இடமாயின் எழுத்து மூலமான அனுமதியும், தனியாருடையதாயின் எத்தனை வருஷம் விட்டுக்கொடுப்பார் என்ற உறுதியும் பெற்ற பின்னரே மண்வெட்டியைத் தொடுவது உத்தமம். தண்ணீருக்கும் அப்போதே வழி செய்துகொள்ளுங்கள். கருகிய பாத்தியைக் கண்டு மனம் தளர்ந்தவரை மறுபடி அழைத்து வருவது கஷ்டம்.

கட்டட வேலை நடந்த இடங்களில் சிமெண்டுக் கட்டியும் பாலிதீன் துண்டும் மண்ணில் புதைந்திருக்குமாதலால், ஓரடி ஆழம் கொத்தி, அவற்றைப் பொறுக்கி எறிந்து, மக்கிய தொழுஉரத்தைக் கலந்து வைத்தால், ஆடிப்பட்டத்தில் வெண்டையும் கத்தரியும் அவரையும் தாராளமாக விதைக்கலாம். பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. இருபுறமும் நின்றபடி கையெட்டிக் களை பறிக்கவும், உள்ளே மிதித்து மண்ணை இறுக்காதிருக்கவும் அதுவே பிரமாணம். முதற்பாத்தியில் சிறுகீரை தூவுங்கள். சுமார் 25 நாளில் பறிப்புக்கு வந்து, புதியவர்களுக்கு உற்சாகம் அளிக்கும்.

முருங்கையை விட்டுவிட எனக்கு மனம் வராது. விரல் தடிமனானதை விடுத்து, கைம்மணிக்கட்டளவு பருத்த 3 அடிப் போத்தைத் தேர்ந்து, மேல்நுனி வெட்டுவாயில் பசுஞ்சாணத்தை அப்பி நட்டால் காயாமல் துளிர்க்கும். ஆயினும் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மொய்க்குமாதலால், வீட்டுச் சுவர்களுக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் தூரமாகவே நடுக.

நீர் பாய்ச்சும் முறையை வீட்டுவாரியாக நோட்டில் எழுதி வையுங்கள். விளைச்சலைப் பங்கிடும்போது, தினந்தோறும் அத்தெருவைக் கூட்டும் தொழிலாளியின் வீட்டையும் அதே நோட்டில் ஒரு வீடாகச் சேர்த்துக்கொள்க.