கச்சான் காற்றில் கொரிய இறைச்சி

வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வேலை அனுமதித் திட்டத்தைக் கொரியா 2004இல் தொடங்கியபோது, முதலில் சேர்ந்த ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. அங்கே உழைத்துத் திரும்பிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் புல்கோகிப் பேச்சு ஓயாது. மெல்லிதாகச் சீவிய மாட்டிறைச்சியை இனிப்பிலும் உள்ளியிலும் ஊறவைத்துச் சுடுவதுதான் அது. கொரியப் போத்தல்கள் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். கத்தியும் நெருப்பும் சரியாக இருந்தால் மிச்சம் எல்லாம் மன்னார்க் கடையிலேயே இருக்கிறது.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டு. தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்க வீடுகளில் இறைச்சி இல்லை. மகா சிவராத்திரியும் பெரும்பாலும் தவக்காலத்தை ஒட்டியே வரும். பாலாவித் தீர்த்தத்தில் நீராட ஊர் திரளும் அந்நாளில் திருக்கேதீஸ்வரக் கோயில் பக்கம் இறைச்சி வாசமே ஆகாது. மாட்டிறைச்சி என்றால் அங்கே எந்த நாளும் ஆகாது. அதை மன்னார்ப் பட்டினத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலடி ஆட்கள் 8ஆம் குறிப்புக்குப் போகலாம்.

2. நம்மூர் மாடு மேய்ந்து திரிந்த மாடு. கொழுப்புக் குறைவு, நார் கூட. முதுகெலும்பு ஓரத்துச் சதையைக் கேட்டு வாங்குங்கள். காலையில் வெட்டியதை மத்தியானமே சுட்டால் றப்பர்தான். ஒரு இரவு பிரிட்ஜில் கிடக்கட்டும்.

3. வெட்டுமுன் ஃப்ரீசரில் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். முழுதாக உறையக்கூடாது, விறைத்தால் போதும். அப்போது கத்தி வழுக்காது. 3 மில்லிமீற்றர் தடிப்பில் சீவலாம். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். நாரோடு நீளவாக்கில் வெட்டியதை எந்தச் சோஸும் காப்பாற்றாது.

4. அரைக் கிலோவுக்கு: சோயா சோஸ் 4 மேசைக்கரண்டி, தூளாக்கிய பனங்கட்டி 2 மேசைக்கரண்டி, இடித்த உள்ளி 1 மேசைக்கரண்டி, துருவிய வெங்காயம் பாதி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி. உப்புப் போடாதீர்கள், சோயாவில் இருப்பதே போதும். கொரியர் அரிசி மதுவும் கொஞ்சம் ஊற்றுவார்கள். முஸ்லிம் விருந்தாளிகள் வருவதென்றால் அதை விடுங்கள், ருசி ஒன்றும் குறையாது.

5. இறைச்சி மென்மையாகக் கொரியர் பேரிக்காயை அரைத்துச் சேர்ப்பார்கள். இங்கே அதன் விலைக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சியே வாங்கலாம். பப்பாசிக்காய் விழுது ஒரு தேக்கரண்டி போதும். ஆனால் அதன் பால் பொல்லாதது: அரை மணித்தியாலத்துக்கு மேல் ஊறினால் இறைச்சி களியாகும். அதனால் மற்றதெல்லாம் போட்டு இரண்டு மணித்தியாலம் பிரிட்ஜில் ஊறவிட்டு, பப்பாசியைக் கடைசி அரை மணித்தியாலத்தில் பிசையுங்கள்.

6. கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெய்க்கு அந்த வாசம் வராது. ஒரு மேசைக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இடித்து, அதே அளவு நல்லெண்ணெயில் குழைத்து, இறக்கும்போது சேருங்கள்.

7. சிரட்டைக்கரிதான் நல்லது. புகை அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னாரில் வெளியே கரி மூட்டுவது விளையாட்டல்ல. பொறி பறந்தால் பக்கத்து வீட்டுக் கிடுகுவேலிதான் முதலில் பிடிக்கும். மதில் மறைவில், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு மூட்டுங்கள். காற்றுக்குப் பயந்து கதவடைத்த அறைக்குள் கரிச்சட்டியை மட்டும் கொண்டுபோகாதீர்கள்; கரியிலிருந்து வரும் நச்சுவாயு மணக்காமலே ஆளைக் கொல்லும். காற்று அடங்காத நாளில் இரும்புத் தாச்சியே போதும்: நன்றாகக் காயவைத்து, ஊறல் நீரை வடித்து, ஒரு கைப்பிடியாகப் போட்டு வாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவியும். பிறகு அது கறி.

8. இதே ஊறலில் தொடைப்பக்கக் கோழி அருமை. கணவாய் அதைவிட அருமை, அதுவும் மன்னார்க் கணவாய்! மேலே கட்டம் கட்டமாகக் கீறி, செத்தல் மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாகப் பிரட்டி, நல்ல சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் வாட்டுங்கள். பப்பாசி இதற்கு வேண்டாம். சைவ வீடுகளில் சிப்பிக் காளானைக் கையால் கிழித்து இப்படியே சுடலாம்.

9. சுற்றிச் சாப்பிட நுவரெலியாச் சலாது இலை வாடாமல் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கோவா இலையை ஆவியில் வாட்டுங்கள். கொரியரும் அப்படிச் சாப்பிடுகிறவர்கள்தான். இலைக்குள் வைக்க: கொஞ்சம் குழைந்த சோறு, ஒரு துண்டு இறைச்சி, பச்சை உள்ளிச் சீவல், தென்னங்கள்ளு வினாகிரியில் ஊறிய முள்ளங்கி.

10. பச்சை இறைச்சி தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள். வடித்த ஊறல் நீரைக் கொதிக்கவைக்காமல் மேலே ஊற்றாதீர்கள்.

11. மிஞ்சினால் மறுநாள் கொத்துரொட்டிக்குப் போடலாம். ரொட்டி, முட்டை, லீக்ஸ் எல்லாம் பிரண்ட பிறகு கடைசியாகச் சேருங்கள்.