கண்காணாப் பணியாளும் அச்சுப்பொறியும்

கண்முன் நடைபெறும் காரியத்தின் குறையைக் கண்டு திருத்துதல் எளிது. கண்ணுக்கு அப்பால் நடைபெறுவதன் குறையோ, பிறர் இடருற்ற பின்னரே நமக்குப் புலனாகும். கணினி மென்பொருளொன்று, எவர் முகமும் நோக்காது பின்னணியில் நின்று தாள்களை அச்சிட முற்படுங்கால் நேரும் இடர்கள் இவ்வகையின. அவற்றை யாம் அறிந்த வரலாற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

சென்ற ஆண்டு விடுமுறையில், கணினித்துறையிற் பயிலும் எம் நண்பர் ஒருவர், திண்டிவனத்திலுள்ள தட்டச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றிற்காகச் சிறு மென்பொருளொன்றை இயற்றினார். மாணவர் கட்டணம் செலுத்தியவுடன் தமிழில் ரசீது தானே அச்சாகி வெளிவரல் வேண்டுமென்பது நோக்கம். ரசீதின் வாசகத்தை அமைத்தது எம் பங்கு. விழுப்புரத்தில் நண்பர் இல்லத்தில் பன்முறை சோதித்தோம். ஒரு முறையேனும் தவறவில்லை. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடகிழக்கே திண்டிவனம் சென்று, அதனைப் பின்னணிச் சேவையாக நிறுவிய அன்றோ ஒரு தாளும் வெளிவரவில்லை. திரையில் பிழைச் செய்தியும் தோன்றவில்லை. மகளுக்குக் கட்டணம் செலுத்திய அம்மையார் ஒருவர் மாலைவரை காத்திருந்தார். ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்தும் போயிற்று. “பணம் வந்தது, ரசீது அடித்தாயிற்று என்று பெட்டி சொல்லுகிறதே தம்பி, தாள் எங்கே?” என்று அவர் வினவியதற்கு எம்மிடம் விடையில்லை.

பின்னணிச் சேவை யாது?

நாம் சாதாரணமாகத் திறந்து பயன்படுத்தும் மென்பொருள், கணினியுள் நுழைந்த பயனரின் பெயரால் இயங்குவது. அவருடைய திரை, அச்சுப்பொறி, எழுத்துரு யாவும் அதற்கும் உரியன. பின்னணிச் சேவையோ, கணினி உயிர்பெற்றவுடன், எவரும் உள் நுழையாமுன்னரே தொழில் தொடங்குவது. யூனிக்ஸ் மரபில் இதற்கு ‘டீமன்’ என்று பெயர். பேய் என மயங்கற்க. பெளதிக அறிஞர் மாக்ஸ்வெல் 1867-ஆம் ஆண்டில், மூலக்கூறுகளை ஓயாது பிரித்து நிற்கும் ஒரு நுண்ணிய பணியாளைக் கற்பனை செய்தார். அதனை நினைந்தே, 1963-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கொர்பாட்டோ குழுவினர் இப்பெயரை இட்டனர்.

அச்சுப்பொறிக்கு முன்னரும் ஒரு கண்காணாப் பணியாள் உளன். ‘ஸ்பூலர்’ எனப்படும் அவன், வரும் தாள்களை வாங்கி வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அச்சுப்பொறிக்கு அனுப்புவான். ஆகவே, நம் சேவை ஸ்பூலரிடம் ஒரு தாளை ஒப்படைத்தல் வேறு, அத்தாள் கையில் கிடைத்தல் வேறு. இவ்வேற்றுமையை அறியாமையே எம் முதற்பிழை. கட்டளை பிறந்த கணமே எம் மென்பொருள் ‘அச்சிடப்பட்டது’ என்று எழுதிவிட்டது.

மூவகைத் தடை

முதலாவது, தனியறை. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதலாக, பாதுகாப்புக் கருதி, சேவைகள் யாவும் பூஜ்ஜிய அமர்வு என்னும் தனியிடத்தில் வைக்கப்பெற்றன. பயனரின் திரை அவற்றிற்கு எட்டாது. ‘எந்த அச்சுப்பொறி?’ என்று கேட்கும் சாளரம் அங்கே திறக்குமாயின், ஆளில்லா அறையில் விடை நோக்கி அது என்றென்றும் நிற்கும். டாட்நெட்டின் வழக்கமான அச்சிடும் வகுப்புகள் சேவைகளினுள் பயன்படுத்தற்கு உரியன அல்ல என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எச்சரித்துள்ளது.

இரண்டாவது, உரிமை. வலையமைப்பு வழியாக ஒரு பயனர் இணைத்துக்கொண்ட அச்சுப்பொறி அவர் கணக்கிற்கே உரியது. வேறு கணக்கில் இயங்கும் சேவைக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

மூன்றாவது, எழுத்து. 2018-ஆம் ஆண்டுப் புதுப்பித்தலுக்குப் பின், விண்டோஸ் 10-இல் ஒரு பயனர் தமக்கு மட்டும் எழுத்துருவை நிறுவிக்கொள்ளக் கூடும். சேவைக்கு அவ்வெழுத்துரு கிட்டாது. வேறு தமிழ் எழுத்துருவும் வாய்க்காவிடின், தமிழ் நின்ற இடத்தில் வெறுங்கட்டங்களே அச்சாகும். தரங்கம்பாடிக்கு 1712-இல் அச்சுப்பொறி வந்தது. தமிழ் எழுத்துக்களோ 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தபின்னரே தமிழ் அச்சேறிற்று. பொறி இருந்தும் எழுத்து இல்லையேல் பயனில்லை என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

பரிகாரம்

சேவைக்கெனத் தனிக் கணக்கொன்று அமைத்து, அச்சுப்பொறியை அக்கணக்கு அறியுமாறு நிறுவுதல் ஒன்று. எழுத்துருவை எல்லாப் பயனர்க்கும் பொதுவாக நிறுவுதல், அல்லது பி.டி.எஃப். கோப்பினுள்ளேயே பொதித்தல் மற்றொன்று. வினாச் சாளரம் எதனையும் திறவாது, அச்சுப்பொறியின் பெயரையும் தாளின் அளவையும் முன்னரே குறித்தல் வேண்டும். இவற்றினும் சிறந்த வழி, வேலையை இரண்டாகப் பகுத்தலாம். சேவை ரசீதை ஆக்கி வரிசையில் வைக்க, பயனரின் அமர்வில் இயங்கும் சிறு நிரல் அதனை எடுத்து அச்சிடும். தடை நேரின் திரையில் உடனே அறிவிக்கவும் அதற்கு இயலும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது குறிப்பேடு. வாய் திறந்து பேச இயலாத பணியாள் எழுதியேனும் வைத்தல் வேண்டும். ‘பெறப்பட்டது’, ‘ஸ்பூலரிடம் ஒப்படைக்கப்பட்டது’, ‘தடைபட்டது’ என ஒவ்வொரு படியையும் மணியும் நிமிடமும் குறித்து எழுதுமாயின், குறையை எங்கே தேடுவது என்ற மயக்கம் இராது.

அடுத்த வாரம் யாங்கள் மீண்டும் திண்டிவனம் சென்று இம்முறையே திருத்தி அமைத்தோம்; ரசீதுகள் ஒழுங்காக வெளிவந்தன. முதல் நாள் அவ்வம்மையாருக்கு யாம் கொடுத்தது கையால் எழுதிய ரசீதே. அவரை ஊர் சேர்க்க நண்பரின் தமையனார் இரவில் வண்டி ஓட்டிச் சென்றார். முடியாத வேலையை முடிந்ததென்று எழுதியதன் விலையை, எழுதிய யாங்கள் அல்ல, காத்திருந்தவர் செலுத்தினார். கண்காணா இடத்தில் தொழில் புரியும் மென்பொருளை இயற்றுவோர், தாளுக்காகக் காத்திருப்பவரைத் தம் கண்முன் நிறுத்தியே அதனை இயற்றுவாராக.