பள்ளி திறக்குமுன்: பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு

கத்திரி வெயில் முடிந்தால் பள்ளி திறந்துவிடும். பை, சீருடையெல்லாம் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்கள் மற்ற வேலைகளை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கிடைக்கத் தாமதமாகலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, நீங்கள் விரும்பும் இடத்தில் இலவசமாகப் படிக்க 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. "இங்கே சமாளிக்க முடியாது, வேறு பள்ளி பாருங்கள்" என்று யாராவது சொன்னால், பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஓரளவு பார்வை இருக்கும் பிள்ளையை, விடுமுறை முடிவதற்குள் குறைபார்வைப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டிலும் அந்தப் பிரிவு உண்டு. மருந்தாலோ அறுவையாலோ இனிப் பலனில்லை என்றான கண்ணிலும் மிச்சமிருக்கும் பார்வையை உருப்பெருக்கி, வெளிச்சம், எழுத்தளவு இவற்றைக் கொண்டு எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கே சொல்லித் தருவார்கள். எந்த அளவு எழுத்து, எவ்வளவு தூரம், எந்தப் பக்கத்து வெளிச்சம் என்பதை எழுதி வாங்கி, வகுப்பாசிரியரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

முதல் பெஞ்சில் உட்காரவைத்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. பார்வை வட்டம் குறுகிப்போன பிள்ளைக்குக் கரும்பலகை மிக அருகில் இருந்தால் அதன் ஒரு மூலைதான் தெரியும். சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் முழுசும் தெரியும். வெளிச்சம் கூசும் பிள்ளையை ஜன்னலைப் பார்த்து உட்காரவைக்கக் கூடாது. கருவிழி இடைவிடாமல் ஆடும் பிள்ளைகள் சிலர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே படிப்பார்கள். அந்தக் கோணத்தில்தான் ஆட்டம் குறைந்து எழுத்து நிலைக்கும். "நேரா பாருடா" என்று தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள், டீச்சரிடமும் சொல்லிவையுங்கள். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிப்பதால் கண் கெட்டுப்போகாது, அதற்காகவும் அதட்ட வேண்டாம்.

பிரெயில் கற்கப்போகும் பிள்ளைக்கு முதலில் விரல் பழக வேண்டும். பல்லாங்குழியைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை: குழியைத் தடவி, சோழியை எண்ணிப் போட்டு, அடுத்ததற்கு நகரும்போது தொடுதலும் எண்ணிக்கையும் சேர்ந்தே வரும். அப்புறம் பிரெயிலின் ஆறு புள்ளிகளைப் பழக, முட்டை அட்டையில் ஆறு குழிகளை, மேலிருந்து கீழே மூன்றாக இரண்டு வரிசையில் இருக்கும்படி வெட்டி எடுங்கள். இடப்பக்கம் 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்தக் குழியில் கோலி இருக்கிறது என்று கேட்டு விளையாடுங்கள். முறையான பாடத்தைச் சிறப்புப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார்.

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பள்ளி காலியாக இருக்கும்போதே பிள்ளையுடன் இரண்டு மூன்று தடவை போய்வாருங்கள். நீங்கள் இழுத்துப் போக வேண்டாம். அது உங்கள் மணிக்கட்டைப் பிடித்தபடி அரையடி பின்னால் வரட்டும். வாசலிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து கழிப்பறை, தண்ணீர்க் குழாய் என்று சுவரைத் தொட்டபடி நடந்து பழகட்டும். "அங்கே இருக்கு" என்ற பேச்சை விட்டுவிட்டு, "உன் வலது கைப் பக்கம் இரண்டு படி" என்று சொல்லிப் பழகுங்கள். படி விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட் அடிக்க முடியுமா என்றும் கேட்டுப்பாருங்கள்.

டிபன் பாக்ஸைத் தானே திறப்பது, தட்டைத் தடவிச் சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போய்க் கால் கழுவிக்கொள்வது, இவையெல்லாம் எழுத்தைவிட அவசரம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு மங்கலான கண்ணுக்குத் தெரியாது. அடர்நிறத் தட்டு வாங்கிக் கொடுங்கள்.

வட்டார வள மையத்துக்குப் போய், உங்கள் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருவார், பிரெயில் அல்லது பெரிய எழுத்துப் புத்தகத்துக்குப் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். புத்தகம் கைக்கு வர நாளானால், பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்நூலை இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் பெரிதாக்கி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துவிடலாம்.